வீராவுக்குள்ள எவோ 3 எஞ்சின்: 4ஜி63 டர்போவ பிரிச்சுக் கட்டின அனுபவம்

வண்டி புரோட்டோன் வீரா, ஆனா பானட்ட தொறந்தா உள்ள இருக்கறது மிட்சுபிஷி லான்சர் எவோ (எவல்யூஷன்) 3-ல இருந்து எடுத்த 4ஜி63 டர்போ எஞ்சின். மலேசியாவுல இது புது விஷயமில்ல, வீராவோட பாடியே அந்தக் கால லான்சர் பாடிதான், அதனால ஜப்பான்ல இருந்து வர்ற ஹாஃப்கட் ஒன்ன, அதாவது பழைய கார வெட்டி எடுத்த பகுதிய, வாங்கி எஞ்சின், கியர்பாக்ஸ், பின் டிஃபரன்ஷியல் வரைக்கும் மாத்தி நாலு வீல் டிரைவ் ஆக்கினவங்க இங்க நிறைய பேரு. என்னோட வண்டிய முந்தின ஓனரே மாத்தி, ஜேபிஜே-ல, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகாவுல, எஞ்சின் நம்பரும் பதிஞ்சு வச்சிருந்தாரு, அதனால பேப்பர் வேலைய பத்தி இதுல ஒன்னும் இல்ல. எஞ்சின மட்டும் பேசறேன், ஏன் பிரிச்சேன், உள்ள என்ன இருந்துச்சு, எத மாத்தினேன், எத வேணும்னே மாத்தாம விட்டேன். இதுல பாதி முடிவ இதே எஞ்சினோட ராலி வெர்ஷன பாத்துதான் எடுத்தேன், அதனால அதையும் கொஞ்சம் விரிவாவே சொல்லணும்.

முதல்ல எஞ்சின் விவரம். 1997 சிசி, போர் 85 மில்லி, ஸ்ட்ரோக் 88 மில்லி, இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், ரெண்டு கேம், 16 வால்வு. டர்போவும் ரெண்டு கேமும் (டிஓஎச்சி) வச்ச வடிவத்துல இது 1987 கடைசில கலான்ட் விஆர்-4 கார்ல வந்துச்சு, 1992-ல முதல் எவோவுக்கு வந்தப்ப 250 குதிரைசக்தி, எவோ 2-ல 260, 1995-ல வந்த எவோ 3-ல கம்ப்ரஷன 8.5-ல இருந்து 9-க்கு ஏத்தி டர்போவயும் கொஞ்சம் பெரிசாக்கி 270 ஆக்கினாங்க. எவோ 4-ல எஞ்சினயே 180 டிகிரி திருப்பி வச்சுட்டாங்க, அதனால வீரா பாடிக்கு அப்படியே உக்கார்றது எவோ 1-ல இருந்து 3 வரைக்கும் உள்ள எஞ்சின்தான். எவோ 9 வரைக்கும் இதே குடும்பம்தான் ஓடுச்சு, எவோ 10-ல தான் அலுமினிய பிளாக்கோட 4பி11 வந்துச்சு. இருவது வருஷத்துக்கு கிட்ட ஒரே இரும்பு பிளாக்க வச்சு ரோட்லயும் ராலிலயும் ஓட்டினாங்கன்னா அந்த பிளாக்க முதல்ல வரைஞ்சவங்க மேல எனக்கு பெரிய மரியாதை உண்டு.

என் எஞ்சின்ல ஆரம்பிச்ச தொந்தரவு நீலப் புகை. கியர்ல வச்சு ஆக்சிலேட்டர விட்டு இறக்கத்துல வந்துட்டு திரும்ப மிதிச்சா பின்னாடி ஒரு கொத்து நீலமா வரும். நல்லா சூடான பிறகு ஐட்லிங்ல ஆயில் பிரஷரும் கீழ இறங்கிட்டே வந்துச்சு. நீலப் புகைன்னா எல்லாரும் டர்போ சீல் போச்சுன்னுதான் முதல்ல சொல்வாங்க, டர்போவ கழட்டி ஷாஃப்ட்ட ஆட்டிப் பாத்தா ஆட்டம் இல்ல, கம்ப்ரஸர் பக்கம் பைப்பும் காஞ்சுதான் இருந்துச்சு. அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். மூனு சிலிண்டர் 150 பிஎஸ்ஐ சுத்துவட்டாரம், மூனாவது சிலிண்டர் மட்டும் 118. அதுல ரெண்டு சொட்டு ஆயில விட்டு திரும்ப பாத்தா நல்லா ஏறுது, அப்ப வால்வு இல்ல, ரிங் பக்கம். லீக்-டவுன் டெஸ்ட்டர மாட்டி காத்த அடிச்சா ஆயில் மூடிக்குள்ள உஸ்ஸுன்னு சத்தம் கேக்குது, எக்சாஸ்ட்லயோ இன்டேக்லயோ ஒன்னும் இல்ல. இதுக்கு மேல யோசிக்க ஒன்னும் இல்ல, இறக்கிட வேண்டியதுதான்.

எனக்கு எஞ்சின் வேலை சொல்லிக் கொடுத்த ஃபோர்மேன் அண்ணன் ஒருத்தர் கிள்ளான்ல இருக்காரு, 4ஜி குடும்பத்துலயே காலம் பூரா கை வச்சவரு, அவரு வொர்க்‌ஷாப்ல ஒரு மூலைய எனக்கு விட்டுட்டாரு. "தம்பி, கழட்டுறப்பவே எல்லாத்தையும் படம் எடுத்து வச்சுக்க, போல்ட்ட பையில போட்டு பேரு எழுது, எஞ்சின் என்ன சொல்லுதுன்னு பிரிக்கறப்ப தான் தெரியும், கழுவிட்டா எல்லாம் போச்சு" அப்படின்னாரு. அதுதான் சரியான வழி. டைமிங் கவர கழட்டினதுமே முதல் விஷயம் தெரிஞ்சிச்சு, உள்ள இருக்கற சின்ன பெல்ட், அதாவது பேலன்ஸ் ஷாஃப்ட்ட சுத்துற பெல்ட், ஓரமெல்லாம் நூல் நூலா பிரிஞ்சு ரெண்டு பல்லு அடில வெடிப்பு விட்டிருக்கு. இந்த எஞ்சின்ல டைமிங் பெல்ட்டு அறுந்தா வால்வு பிஸ்டன்ல மோதும், சின்ன பெல்ட்டு அறுந்தாலும் அந்தத் துண்டு பெரிய பெல்ட்டுக்குள்ள போய் சிக்கி அதே கதிதான். 4ஜி63 வச்சிருக்கற யாரா இருந்தாலும் டைமிங் பெல்ட் மாத்துறப்ப அந்த சின்ன பெல்ட்ட மாத்தாம விடவே கூடாது, விலை ஒன்னும் பெரிசில்ல.

ஹெட்ட தூக்கி, அடில ஆயில் நிக்கற சம்ப்ப கழட்டி, மூனாவது பிஸ்டன வெளிய எடுத்தா முதல் ரிங்குக்கும் ரெண்டாவது ரிங்குக்கும் நடுவுல இருக்கற அந்த மெல்லிசான வரப்பு, ரிங்-லேண்ட்னு சொல்வாங்க, ஒரு விரல் அகலத்துக்கு உடைஞ்சு கெடக்கு. சிலிண்டர் சுவத்துல மேலயிருந்து கீழ ரெண்டு கோடு, நகம் வச்சா தட்டுது. ரிங்-லேண்ட் உடையறதுக்கு காரணம் பெரும்பாலும் நாக்கிங், அதாவது பெட்ரோல் தீப்பொறிக்கு ஒழுங்கா எரியாம ஒரு மூலைல தானா வெடிக்கறது. ஸ்பார்க் பிளக் நாலையும் வரிசையா வச்சு லென்ஸ்ல பாத்தேன், மூனாவதோட வெள்ளப் பீங்கான்ல கருப்பும் வெள்ளியுமா சின்னச் சின்ன பொட்டு, அது பிஸ்டன்ல இருந்து பறந்து ஒட்டின அலுமினியம். டர்போ காத்த அமுக்கற அழுத்தம்தான் பூஸ்ட், அத பூஸ்ட் கன்ட்ரோலர்ல முந்தி யாரோ 1.5 பார் வரைக்கும் ஏத்தி வச்சிருந்தது, ஸ்டாக் இன்ஜெக்டர், நம்ம ஊரு வெயில், டிராஃபிக்ல சூடு ஊறின இன்டர்கூலர் (டர்போ காத்த குளிர வைக்கறது), நாலும் சேந்தா ஒரு வார்ப்பு பிஸ்டன் எவ்ளோ நாள் தாங்கும்.

இங்கதான் நான் நின்னு யோசிச்ச இடம். எப்படியும் எஞ்சின் பிரிஞ்சாச்சு, அடுத்தது எந்தப் பக்கம் கட்டுறது. நண்பர்கள் எல்லாரும் பெரிய டர்போ போடு, 500 குதிரைசக்தி போடுன்னாங்க. எனக்கு ஆசை வேற. இந்த எஞ்சின் உலகத்துக்கே தெரிய வந்தது டிராக் ரேஸ்னால இல்ல, ராலினால. 1995 சுவீடன் ராலில கென்னத் எரிக்சன் எவோ 2-ல ஜெயிச்சதுதான் எவோவோட முதல் உலக ராலி வெற்றி, அதுக்கப்புறம் 1996-ல இருந்து 1999 வரைக்கும் தொடர்ந்து நாலு வருஷம் டொம்மி மாக்கினென் எவோ 3, 4, 5, 6னு ஒன்னு மாத்தி ஒன்னுல உலக சாம்பியன். நம்ம நாட்டுலயே கரம்ஜித் சிங் 2002-ல புரோட்டோன் பெர்ட்ல உலக புரொடக்‌ஷன் கார் ராலி சாம்பியன்ஷிப் அடிச்சாரு, அந்த பெர்ட்டும் லான்சர் எவோ வழி வந்த காரு, உள்ள இதே 4ஜி63 தான். செம்பனைத் தோட்டத்து செம்மண் ரோட்ல ஓடிப் பழகினவங்களோட எஞ்சின் அது. அப்ப அந்த ராலி எஞ்சின எப்படிக் கட்டினாங்கன்னு தேடித் தேடிப் படிச்சேன்.

அந்த ராலி கார்கள் அப்ப ஓடின பிரிவு குரூப் ஏ, அதோட விதி என்னன்னா, கடைல விக்கற காருக்குத்தான் அனுமதி, குறைஞ்சது 2500 கார் செஞ்சிருக்கணும், ஆரம்பத்துல அது 5000-ஆ இருந்துச்சு. பிளாக் வார்ப்பு, ஹெட் வார்ப்பு எல்லாம் ரோட்டு காரோடதுதான். டர்போ இருந்தா கொள்ளளவ 1.7-ஆல பெருக்குவாங்க, 1997 சிசி அவங்க கணக்குல 3395 சிசி. இதுக்கு மேல 1995-ல இருந்து டர்போவோட மூக்குல 34 மில்லி ரெஸ்ட்ரிக்டர் வளையம் கட்டாயம், எல்லாக் காத்தும் அந்த 34 மில்லி ஓட்டை வழியாதான் போகணும். இதோட கனம் என்னன்னு கணக்கு போட்டுப் பாத்தா தான் புரியும். 34 மில்லி வட்டத்தோட பரப்பு சுமார் 908 சதுர மில்லிமீட்டர். குறுகலான எடத்துல காத்து ஒலியோட வேகத்த தொட்டுடுச்சுன்னா அதுக்கு மேல டர்போ எவ்ளோ உறிஞ்சினாலும் கூடுதலா ஒரு கிராம் போகாது. சாதாரண வெப்பத்துல அந்த ஓட்டை வழியா ஒரு செகண்டுக்கு போகக்கூடிய காத்து ஏறக்குறைய 0.22 கிலோ, அவ்ளோதான். 12-க்கு 1-னு பெட்ரோல கலந்து, எரியற சூட்டுல 30 சதவீதம் கிராங்குக்கு வருதுன்னு வச்சா 300 குதிரைசக்திக்கு கொஞ்சம் மேல நின்னுடும். யாரு கட்டினாலும் அதுதான் உச்சவரம்பு.

சரி, உச்சத்த பூட்டிட்டாங்க, அப்ப எஞ்சினியருங்க எங்க கை வச்சாங்க? கீழ. 6000 ஆர்பிஎம்ல 1 பார் பூஸ்ட் குடுத்தாலே அந்த 0.22 கிலோ காத்து கிட்டத்தட்ட தீந்துடும், ஆனா 4000-ல எஞ்சின் குறைவான தடவைதான் மூச்சு இழுக்குது, அதனால அதே காத்த வச்சு 2 பாருக்கு கிட்ட பூஸ்ட் குடுக்கலாம். அதனால அந்த எஞ்சின்ல 3500, 4000-லயே 500 நியூட்டன் மீட்டர் சுத்துவட்டாரம் டார்க் வந்துடும், ரோட்டு எவோ 3-ல அது 309 தான். அங்கருந்து மேல பவர் கோடு தட்டையா மேசை மாதிரி போகும், 7000 வரைக்கும் இழுக்கறதுல அர்த்தமே இல்ல. சரளை ரோட்ல வளைவுல இருந்து வெளிய வர்றப்ப எந்த கியர்ல இருந்தாலும் இழுக்கணும், அதுக்குத்தான் அப்படி. இந்த வளையம் எவ்ளோ பெரிய விஷயம்னா, 1995 கட்டலோனியா ராலில டொயோட்டா டீம் செலிகாவோட ரெஸ்ட்ரிக்டர ரகசியமா நகர்ற மாதிரி செஞ்சு ஓரமா காத்து புகுந்து போக வழி விட்டிருந்தாங்க, பிடிபட்டு அந்த சீசன் மிச்சமும் 1996 முழுசும் தடை. அவ்ளோ நுணுக்கமா வேலை செஞ்சு ஏமாத்த நினைச்சாங்கன்னா காத்தோட மதிப்பு எவ்ளோன்னு பாத்துக்கங்க.

இத படிச்ச பிறகு என் முடிவு தெளிவாயிடுச்சு. எவோ 3-ல வர்ற 16ஜி டர்போ அப்படியே இருக்கட்டும், பெரிசு வேண்டாம். 300-ஐ ஒட்டின பவர் போதும், ஆனா அது சீக்கிரம் வரணும், சூட்டுல நிலைச்சு நிக்கணும், நாள் பூரா அடிச்சாலும் உடையாம இருக்கணும். காசு முழுக்க பிஸ்டன், பேரிங், ஆயில், குளிர்ச்சி இதுல தான்.

பிளாக்க மெஷின் ஷாப்புக்கு குடுத்து முதல் ஓவர்சைஸ் 85.5-க்கு போர் பண்ணச் சொன்னேன், கொள்ளளவு 2021 சிசி ஆகும். ஹோனிங், அதாவது சிலிண்டர் சுவத்த கடைசியா நைசா தேய்க்கறது, பண்றப்ப ஹெட் மாதிரியே இறுக்கற டார்க் பிளேட் மாட்டித்தான் பண்ணணும்னு கண்டிப்பா சொல்லிட்டேன், ஹெட் போல்ட்ட இறுக்குனா சிலிண்டர் வட்டம் மைக்ரான் கணக்குல கோணும், அந்த கோணல் நிலையிலயே ஹோன் பண்ணாத்தான் எஞ்சின் கூடின பிறகு ரிங் சரியா உக்காரும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் வாங்கினேன், அதுலயும் சிலிக்கன் அதிகமா இருக்கற 4032 அலாய், இது சூட்டுல கொஞ்சமாத்தான் விரியும், அதனால சுவத்துக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி சின்னதா வைக்கலாம், காலைல ஸ்டார்ட் பண்றப்ப டக்கு டக்குன்னு தட்டற சத்தமும் கம்மி. 2618 அலாய் இன்னும் உறுதிதான், ரோட்டு வண்டிக்கு எனக்கு இதுதான் பொருத்தமா பட்டுச்சு. ரிங் கேப் மேல் ரிங்குக்கு 0.42 மில்லி, ரெண்டாவதுக்கு 0.46, ஒவ்வொரு ரிங்கையும் அதோட சிலிண்டர்லயே வச்சு ஃபீலர் கேஜ்ல பாத்து அரம் போட்டேன். டர்போ எஞ்சின்ல ரிங் கேப் சின்னதா இருந்தா சூட்டுல ரெண்டு முனையும் முட்டி பிஸ்டனோட வரப்பயே பிச்சுக்கிட்டு போயிடும், இதுல அவசரமே கூடாது.

பிஸ்டன் அடில ஆயில் பீய்ச்சற ஜெட் இந்த எஞ்சின்ல இருக்கு, அது ரொம்ப நல்ல விஷயம், சிலபேரு அத அடைச்சுடறாங்க, நான் நாலையும் கழட்டி கழுவி திரும்ப மாட்டினேன். புது பிஸ்டன் ஸ்கர்ட் ஜெட்ல இடிக்காம போகுதான்னு கிராங்க கையால சுத்தி ஒவ்வொன்னா பாக்கணும். கிராங்க் ஜர்னல் நல்லா இருந்துச்சு, பாலிஷ் மட்டும். மெயின் பேரிங் இடைவெளிய பிளாஸ்டிகேஜ்ங்கற நசுங்கற பிளாஸ்டிக் நூல வச்சுப் பாத்தா 0.04 மில்லி, பிஸ்டன் ராட் பேரிங்கும் அதே. கிராங்க் முன்ன பின்ன நகர்றது, எண்ட் பிளே, 0.12 மில்லி. பின்னாடி ஏழு போல்ட் வச்ச 4ஜி63 கிராங்குல த்ரஸ்ட் பேரிங் தேஞ்சு கிராங்க் நகர்ற வியாதிக்கு பேரே கிராங்க்வாக்னு வச்சிருக்காங்க, அதனால டயல் கேஜ்ல இத பாக்காம இந்த எஞ்சின மூடவே கூடாது.

அடுத்தது பேலன்ஸ் ஷாஃப்ட். நாலு சிலிண்டர் எஞ்சின்ல பிஸ்டன் ஏறி இறங்குறதுல கிராங்க் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை ஒரு அதிர்வு வரும், அத அடக்க கிராங்குக்கு ரெண்டு மடங்கு வேகத்துல எதிரெதிரா சுத்துற ரெண்டு ஷாஃப்ட்ட மிட்சுபிஷி 1970-கள்ல கொண்டு வந்தாங்க, சைலன்ட் ஷாஃப்ட்னு பேரு, போர்ஷே கூட 944-க்கு அவங்ககிட்ட லைசென்ஸ் வாங்கித்தான் போட்டாங்க. அருமையான வேலை, அதுல சந்தேகமே இல்ல. ஆனா 7000-ல எஞ்சின் சுத்தினா அது 14000-ல சுத்தும், அதோட பேரிங்கெல்லாம் அதே ஆயில் பம்ப்ல இருந்துதான் குடிக்குது, என் எஞ்சின்ல முன் பேரிங் தேஞ்சு செம்பு தெரிஞ்சுச்சு, சூட்டுல பிரஷர் இறங்கினதுக்கு அதுவும் ஒரு காரணம். ரேஸுக்கு கட்டுறவங்க பெரும்பாலும் இத எடுத்துடுவாங்க, நானும் எடுத்தேன். சின்ன பெல்ட்டால சுத்தற ஷாஃப்ட்ட முழுசா வெளிய எடுத்து, பழைய பேரிங்க கழட்டி ஆயில் ஓட்டை மறையற மாதிரி திருப்பி அடிக்கணும், முன் கேஸ்ல சீல் இருந்த எடத்துக்கு ஒரு மூடி. ஆயில் பம்ப் கியரோட சேந்த ஷாஃப்ட்டுக்கு பதிலா குட்டையான ஸ்டப் ஷாஃப்ட். அந்த பேரிங்க திருப்பறத விட்டுட்டா ஆயில் அங்கயே கொட்டி மெயின் பேரிங்குக்கு பிரஷர் போகாது, அதனால மாட்டின பிறகு ஆயில் கேலரில, அதாவது பிளாக்குக்குள்ள ஆயில் ஓடற பாதைல, காத்து அடிச்சு உறுதி பண்ணிக்கிட்டேன். ஐட்லிங்ல ஸ்டீயரிங்ல லேசா ஒரு அதிர்வு இப்ப உண்டு, குடும்பத்தோட தெனமும் ஓட்டற வண்டின்னா ஷாஃப்ட்ட வச்சுக்கறதுதான் சரின்னு சொல்வேன். வச்சுக்கறவங்க ஒன்னு கவனிக்கணும், ஆயில் பம்ப் ஸ்ப்ராக்கெட் குறி சரியா நின்னாலும் உள்ள ஷாஃப்ட் தலைகீழா இருக்க வாய்ப்பு உண்டு. பிளாக் பக்கத்துல இருக்கற பிளக்க கழட்டி 8 மில்லி ஸ்க்ரூடிரைவர விட்டுப் பாருங்க, 60 மில்லிக்கு மேல உள்ள போனா சரி, 20, 25-லயே முட்டுச்சுன்னா ஸ்ப்ராக்கெட்ட இன்னொரு சுத்து சுத்தணும்.

கூட்டற வேலை சீரா போச்சு. ராட் நட் 20 நியூட்டன் மீட்டர், அப்புறம் 90 டிகிரி. ஹெட் போல்ட்ட திரும்ப போடறதுக்கு முன்னாடி நீளம் அளக்கணும், 99.4 மில்லிக்கு மேல போயிருந்தா நீண்டுடுச்சுன்னு அர்த்தம், நான் புதுசே போட்டேன். முதல்ல 78-க்கு இறுக்கி, முழுசா தளர்த்தி, திரும்ப 20, அப்புறம் 90 டிகிரி, இன்னொரு 90 டிகிரி, நடுவுல இருந்து வெளியப் பக்கமா. கேஸ்கெட் பல அடுக்கு ஸ்டீல். ஹெட்ல வால்வு கைடு சீல் எல்லாம் புதுசு, ஹைட்ராலிக் லிஃப்டர் பதினாறையும் டீசல்ல ஊற வச்சு காத்து வெளிய வர்ற வரைக்கும் அமுக்கி அமுக்கி எடுத்தேன், அந்த டிக்கு டிக்கு சத்தத்துக்கு அதுதான் மருந்து.

டைமிங் பெல்ட் போடறப்ப ஹைட்ராலிக் டென்ஷனர வைஸ்ல வச்சு ரொம்ப மெதுவா அமுக்கி ஓட்டைல கம்பிய சொருகணும், வேகமா அமுக்கினா உள்ள சீல் போயிடும். ரெண்டு கேம் ஸ்ப்ராக்கெட் குறியும் ஒன்னையொன்னு பாக்க, கிராங்க் குறி முன் கேஸ் குறியோட சேர, பெல்ட் போட்டு புல்லிய செட் பண்ணி, கிராங்க கையால ரெண்டு சுத்து சுத்தி, கால் மணி நேரம் அப்படியே விட்டு டென்ஷனர் ராட் எவ்ளோ வெளிய நிக்குதுன்னு அளக்கணும், 3.8-ல இருந்து 4.5 மில்லிக்குள்ள இருக்கணும். எனக்கு 4.2. அந்த கால் மணி நேரத்த யாரும் சுருக்காதீங்க, டென்ஷனர் மெதுவாத்தான் தன் எடத்துக்கு வரும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி பிளக் நாலையும் கழட்டி, இக்னிஷனும் இன்ஜெக்டரும் வயர பிடுங்கி விட்டு, ஸ்டார்ட்டர்ல மட்டும் சுத்தி ஆயில் பிரஷர் முள்ளு ஏறறத பாத்தேன். அப்புறம்தான் பிளக்க மாட்டி சாவி. பிடிச்சிருச்சு. மினரல் ஆயில்ல ஓட்டி, நாலாவது கியர்ல பாதி த்ராட்டில்ல இழுத்து, கால எடுத்து எஞ்சின் பிரேக்ல இறக்கி, திரும்ப இழுத்து, இப்படித்தான் ரிங் உக்காரும். மெதுவா உருட்டிக்கிட்டே இருந்தா சிலிண்டர் சுவரு கண்ணாடியா போயிடும். முதல் ஃபில்ட்டர அறுத்து காகிதத்த விரிச்சுப் பாத்தேன், அசெம்பிளி கிரீஸும் கொஞ்சம் மின்னற தூளும் மட்டும்தான்.

டியூனிங்குக்கு பெரிய இன்ஜெக்டர், பெரிய பெட்ரோல் பம்ப், ரோன் 97 பெட்ரோல். பூஸ்ட ராலி மாதிரியே வடிவமா வரைஞ்சோம், நடுவுல 1.3 பார், 6000-ஐ தாண்டினா 1.1-க்கு தானா இறங்கும். மேல 16ஜி டர்போவுக்கு மூச்சு முட்டும், அதுக்கப்புறம் பூஸ்ட்ட திணிச்சா சூடான காத்துதான் வரும், பவர் வராது. இன்டர்கூலர் முன்னாடி பெரிசா ஒன்னு, ஆயில் கூலர் ஒன்னு. சூடான ஐட்லிங்ல பிரஷர் இப்ப இறங்காம நிக்குது, நீலப் புகை சுத்தமா இல்ல. மலை ரோட்ல ஏறறப்ப மூனாவது கியர விடாமலே வளைவுக்கு வளைவு இழுத்துட்டு போகுது, நான் கேட்டது அதுதான்.

ஆன்டி-லேக் வைக்கலியான்னு நிறைய பேரு கேட்டாங்க. ராலி எஞ்சின்ல கால எடுத்தாலும் காத்து உள்ள போற மாதிரி வழி விட்டு, தீப்பொறிய ரொம்ப தாமதமாக்கி, கலவை எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்குள்ளயே எரியற மாதிரி செய்வாங்க, டர்பைன் சுத்திக்கிட்டே இருக்கும், படபடன்னு வெடிக்கற சத்தம் அதுதான். ஆனா அவங்க டர்போவ ராலி நடுவுலயே சர்வீஸ்ல மாத்த ஆளும் பாகமும் வச்சிருப்பாங்க. இந்த எஞ்சினோட வார்ப்பு மேனிஃபோல்டு சாதாரணமா ஓட்டினாலே நாளடைவுல வெடிப்பு விடற ரகம், என்னோடதுலயும் ரெண்டாவது மூனாவது ரன்னருக்கு (சிலிண்டருக்கு ஒன்னா வர்ற குழாய்) நடுவுல ஒரு மெல்லிய கீறல் இருந்துச்சு, அத சூடாக்கி நிக்கல் ராட்ல வெல்டிங் பண்ணி, முகத்த மட்டம் தட்டி மாட்டியிருக்கேன். அடுத்த தடவை ஆயில் மாத்த தூக்கறப்ப அந்த வெல்டிங்க திரும்ப பாக்கணும், அப்பவே ஒவ்வொரு ரன்னர்லயும் ஒரு சென்சார் வச்சு எக்சாஸ்ட் சூட்ட தனித்தனியா பதிவு பண்ணப் போறேன், மூனாவது சிலிண்டர் மத்ததவிட சூடா ஓடுதான்னு எனக்கு நம்பர்ல தெரியணும்.